'கேஸ் கம்மியா இருக்கு அண்ணாச்சி...' மெக்கானிக் சொன்னதும் பணம் கொடுக்கலாமா? சின்ன ஊர்களில் ஏசி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று குருவிகுளம் பக்கத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கரிசல் காடு. பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடி, ராத்திரி பத்து மணிக்கு மேலும் கீழே இருக்கும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். இப்போது நகைச் சீட்டு, மகன் அனுப்பிய பணம், கடைக்காரரின் தவணைத் திட்டம் என்று ஏதோ ஒரு வழியில் படுக்கையறைக்கு ஒரு ஏசி வந்துவிடுகிறது.

வாங்குவது எளிது. சிக்கல் அதற்குப் பிறகுதான். சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் கம்பெனி சர்வீஸ் ஆள் மறுநாள் வந்துவிடுவார். தென்காசி மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கும் குருவிகுளம் போன்ற ஊருக்கு சங்கரன்கோவிலில் இருந்தோ கோவில்பட்டியில் இருந்தோ ஒரு மெக்கானிக் பைக்கில் வர வேண்டும். சீசன் நேரத்தில் அவர் கையில் பத்து அழைப்புகள் காத்திருக்கும்.

வந்தவர் மூடியைத் திறந்து பார்க்கிறார். "கேஸ் கம்மியா இருக்கு அண்ணாச்சி, போட்டாத்தான் கூலிங் வரும்" என்கிறார். போடுகிறார். அறை குளிர்கிறது. பணம் கைமாறுகிறது. அடுத்த வருடம் மறுபடியும் அதே வார்த்தை, அதே செலவு.

உண்மையிலேயே ஏசிக்கு வருடா வருடம் கேஸ் போட வேண்டுமா? மெக்கானிக்கை அழைக்கும் முன் என்ன கேட்க வேண்டும்? எந்த வேலையை நாமே செய்துகொள்ளலாம்? இந்தத் தொகுப்பில் விரிவாகப் பார்க்கலாம்.

ஏசி எப்படி வேலை செய்கிறது?

ஏசி குளிர்ச்சியை உருவாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தச் சூட்டைச் சுமந்து செல்லும் வேலையைச் செய்வதுதான் 'கேஸ்' என்று நாம் சொல்லும் குளிரூட்டி.

வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டின் காயிலில் இந்தக் குளிரூட்டி ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வெளியே இருக்கும் யூனிட்டில் உள்ள கம்ப்ரஸர் அதை அழுத்தும். அழுத்தப்பட்ட கேஸ் சூடாகி, வெளிக் காயிலில் தன் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாக மாறும். அங்கிருந்து மெல்லிய குழாய் அல்லது வால்வு வழியாக மறுபடியும் உள்ளே போகும். செம்புக் குழாய்க்குள் இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்த கதை சிவகாசிக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஒரு அச்சகத்தில் காற்றில் இருந்த ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது. வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நவீன ஏசியின் முன்னோடியை வடிவமைத்தார். மனிதர்கள் சுகமாகத் தூங்குவதற்கு அது பயன்பட்டதெல்லாம் பிறகு நடந்தது.

'டன்' என்ற கணக்கும் பழையதுதான். ஒரு டன், சுமார் 907 கிலோ, ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த அளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் ஒரு டன். ஏசியின் எடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வருடா வருடம் கேஸ் தீர்ந்துபோகுமா?

தீராது. கவனிக்க வேண்டிய முதல் விஷயமே இதுதான். பைக்கில் பெட்ரோல் எரிந்து தீருவதுபோல ஏசியில் கேஸ் செலவாகாது. மூடிய குழாய்க்குள்ளேயே அது சுற்றிக்கொண்டிருக்கும். சரியாகப் பொருத்திய ஏசியில் பல வருடங்கள் ஆனாலும் கேஸ் அப்படியே இருக்க வேண்டும்.

அப்படியானால் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலும் கேஸ் ஏற்றுவது, சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டாமல் காற்று மட்டும் அடித்த கதைதான். இரண்டு மாதம் ஓடும், இல்லையென்றால் ஒரு சீசன் ஓடும். பிறகு மறுபடியும் இறங்கிவிடும்.

அதனால் 'கேஸ் கம்மி' என்று மெக்கானிக் சொன்னால் அவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எங்க லீக் ஆகுது தம்பி? அதைக் காட்டுங்க, அடைச்சிட்டு அப்புறம் போடுவோம்."

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பார்ப்பார். கசிவு இருக்கும் இடத்தில் குமிழி வரும். இண்டோர், அவுட்டோர் யூனிட்டுகளில் செம்புக் குழாயைத் திருகி இணைக்கும் நட்டுகள்தான் பெரும்பாலும் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம். அங்கே இல்லையென்றால் வெல்டிங் வைத்த இடங்கள், காயிலில் அரித்த நுண்ணிய துளைகள் என்று தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவு என்றால் குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுவது உயிருக்கே ஆபத்து. கம்ப்ரஸர் எண்ணெயோடு அழுத்தமான ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கலாம். வெல்டிங் சிலிண்டரைக் கொண்டுவந்து 'இதுவே போதும்' என்று யாராவது சொன்னால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

குளிர்ச்சி வரவில்லை என்றால் கேஸ்தான் காரணமா?

எல்லா நேரமும் அல்ல. மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில காரணங்கள் இருக்கின்றன.

ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். கரிசல் மண் காய்ந்தால் மாவு மாதிரி பறக்கும். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு வாரத்தில் ஃபில்டர் கறுத்துவிடும். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். காற்றோட்டம் தடைபட்டால் உள் காயிலில் ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினாலே கேஸ் பிரச்சினை என்று முடிவு செய்யக் கூடாது. அடைத்த ஃபில்டராலும் அதே ஐஸ் வரும்.

வெளி யூனிட்டின் முதுகில் தூசி படிந்திருக்கலாம். அல்லது அதற்கு முன்னால் சாக்கு மூட்டை, சைக்கிள், பழைய கதவு ஏதாவது சாத்தி வைத்திருக்கலாம். சூட்டை வெளியே தள்ள முடியாமல் கம்ப்ரஸர் திணறும். கரண்ட் அதிகம் இழுக்கும், குளிர்ச்சி குறையும்.

வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். சாயங்காலம் ஊரே மோட்டாரும் ஏசியும் போடும் நேரத்தில் மட்டும் கூலிங் குறைகிறது, நடு ராத்திரியில் சரியாகிவிடுகிறது என்றால் சந்தேகம் இந்தப் பக்கம் போக வேண்டும். வோல்டேஜ் பிரச்சினைக்கு மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துப் புகார் செய்யலாம்.

ரிமோட்டில் 'கூல்' மோடுக்குப் பதிலாக 'ஃபேன்' அல்லது 'ட்ரை' மோடு மாறியிருக்கலாம். சிரிப்பு வரலாம். ஆனால் குழந்தைகள் ரிமோட்டை அமுக்கிவிட்ட வீடுகளில் இதற்காகவே மெக்கானிக் வந்து, வந்த கூலியை வாங்கிக்கொண்டு போவதும் உண்டு.

வீட்டில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஏசி ஓடிப் பதினைந்து, இருபது நிமிடம் ஆன பிறகு, இண்டோர் யூனிட் இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளியே விடும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் சுமார் 8 முதல் 12 டிகிரி இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் அறை குளிரவில்லை என்றால் அறை பெரிது, மாடி வெயில், கதவு இடுக்கு என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

உங்கள் ஏசியில் இருப்பது எந்த கேஸ்?

எல்லா ஏசியிலும் ஒரே கேஸ் கிடையாது. வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். கேஸின் பெயரும், எத்தனை கிலோ அல்லது கிராம் இருக்க வேண்டும் என்ற அளவும் அதில் அச்சாகியிருக்கும்.

பழைய ஏசிகளில் ஆர்-22 இருக்கும். ஓசோன் படலத்தைப் பாதிக்கும் இந்த வகையை, 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலக நாடுகள் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. அடுத்து வந்தது ஆர்-410ஏ. இது ஓசோனைத் தொடாது. ஆனால் காற்றில் கலந்தால் புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு. இப்போது புதிதாக வரும் பல ஏசிகளில் இருப்பது ஆர்-32. அதன் திறன் 675 மடங்கு. ஆர்-290 என்ற வகையும் உண்டு. அது நம் சமையல் சிலிண்டரிலும் இருக்கும் புரொப்பேன்தான்.

இதில் வீட்டுக்காரர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, ஒரு கேஸ் இருக்கும் ஏசியில் வேறொரு கேஸை ஏற்றக் கூடாது. 'கையில் இது இல்லை, அதைப் போட்டாலும் ஓடும்' என்ற பேச்சே வேண்டாம். அழுத்தம், எண்ணெய், வடிவமைப்பு எல்லாமே வேறு வேறு.

இரண்டு, கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால், மீட்டர் முள்ளை மட்டும் பார்த்து அளவு சொல்வது சரிப்படாது. எடைத் தராசு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

மூன்று, ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. ஆர்-290 நன்றாகவே தீப்பிடிக்கும். வேலை நடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. குழாய்க்குள் கேஸ் இருக்கும்போது வெல்டிங் வைக்கவே கூடாது.

கசிவை அடைத்த பிறகும், புதிதாக ஏசி மாட்டும்போதும் வேக்கம் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுகிற குறுக்கு வழி ஒன்று உண்டு. அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே தங்கிய ஈரம் பிறகு கம்ப்ரஸரைத்தான் கெடுக்கும். இன்ஸ்டலேஷன் நாளில் 'வேக்கம் போட்டீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்பது பின்னால் பெரிய செலவைத் தவிர்க்கும்.

மெக்கானிக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வாரன்டி காலம் முடியாத ஏசி என்றால் முதல் அழைப்பு கம்பெனிக்குத்தான் போக வேண்டும். வெளியாள் திறந்தால் வாரன்டி செல்லாமல் போக வாய்ப்பு உண்டு. 'கம்ப்ரஸருக்கு பத்து வருஷம்' என்று கடையில் சொல்வது கம்ப்ரஸருக்கு மட்டும்தான். கேஸ், பிசிபி எனப்படும் மின்னணுப் பலகை, வந்துபோகும் செலவு எல்லாம் அதில் சேர்ந்ததா என்று வாரன்டி அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனி எண்ணைத் தேடுவதிலும் கவனம் தேவை. கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் முதலில் வருவது போலி எண்ணாக இருக்கலாம். 'பத்து ரூபாய் அனுப்பினால் புகார் பதிவாகும்', 'இந்த ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். வாரன்டி அட்டையிலோ கம்பெனியின் சொந்த ஆப்பிலோ இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வாரன்டி முடிந்துவிட்டால் உள்ளூர் மெக்கானிக்தான் வழி. அது தப்பான வழியும் அல்ல. சொல்லப்போனால், ஊர்க்காரர் என்பதால் நாளைக்கும் அதே தெருவில் முகம் பார்க்க வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது. அழைக்கும்போதே இவற்றைப் பேசிவிடுங்கள்:

• வந்து பார்ப்பதற்கு எவ்வளவு? தூரத்துக்குத் தனியாக உண்டா? வேலை செய்தால் அந்தத் தொகை கழியுமா?

• ஏசியின் கம்பெனி, டன், இன்வெர்ட்டரா இல்லையா, எந்த கேஸ் என்பதை முன்பே சொல்லுங்கள். வெளி யூனிட் தகட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நல்லது. அதற்கேற்ற கேஸும் கருவியும் அவர் கொண்டு வருவார். இரண்டாவது முறை வரும் செலவு மிச்சம்.

• கிளாம்ப் மீட்டர், கேஜ், வேக்கம் பம்ப், எடைத் தராசு இருக்கிறதா?

• மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தருவாரா?

• செய்த வேலை, போட்ட கேஸின் அளவு, தேதி, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதித் தருவாரா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். அச்சடித்த பில் இல்லாவிட்டால் பரவாயில்லை; ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்கூடப் போதும். பணத்தை ஜிபே-யில் அனுப்பி, குறிப்பில் 'ஏசி கேஸ், லீக் அடைத்தது' என்று எழுதிவிட்டால் அதுவும் ஒரு ஆதாரம்.

படிப்பு பற்றியும் கேட்கலாம். ஐடிஐ-யில் ரெஃப்ரிஜரேஷன், ஏசி மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. கடையில் இருந்தே தொழில் கற்ற திறமைசாலிகளும் உண்டு. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டமே, ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுப்பதை ஓர் இலக்காக வைத்தது. சான்று வைத்திருப்பவரைக் கேட்டு அழைத்தால், மற்றவர்களும் அதைப் பெற முன்வருவார்கள்.

ஏஎம்சி போடலாமா?

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வகை. சாதாரண ஒப்பந்தத்தில் சுத்தம் செய்வதும் பரிசோதனையும் மட்டும்தான். பாகத்துக்குத் தனிக் காசு. முழு ஒப்பந்தத்தில் பாகங்களும் சேரும். ஆனால் எவை சேரும், எவை சேராது என்ற பட்டியல் இருக்கும். கேஸ், பிசிபி, காயில் ஆகிய மூன்றும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். குருவிகுளம் மாதிரி ஊர் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சர்வீஸ் சென்டரில் இருந்து எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம்? புகார் செய்தால் எத்தனை நாளில் வருவார்கள்? இதற்குப் பதில் தெளிவாக இல்லையென்றால், வருடத்துக்கு இரண்டு முறை உள்ளூர் மெக்கானிக்கை வைத்து சர்வீஸ் செய்வதே மேல்.

நாமே செய்யக்கூடியவை என்ன?

ஃபில்டரை வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்று போக இடம் விடுங்கள். மேலே ஒரு சின்ன நிழல் இருந்தால் நல்லது. பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடிவிடக் கூடாது. பல்லி, ஓணான், எலி உள்ளே புகுந்து பிசிபி-யில் ஷார்ட் ஆக்கிவிடுவது கிராமத்துப் பக்கம் சகஜம். சீசன் முடிந்து மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் ஏசியை மறுபடி போடும் முன் மெக்கானிக்கை விட்டுத் திறந்து பார்ப்பது நல்லது.

தண்ணீர் போகும் குழாயின் நுனி சாக்கடையிலோ வாளித் தண்ணீரிலோ முங்கியிருக்கக் கூடாது. உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் பெரும்பாலும் இந்தக் குழாய் அடைப்புதான் காரணம்.

கரண்ட் போய் வந்தால் உடனே ஏசியைப் போடாதீர்கள். மூன்று நிமிடமாவது பொறுங்கள்.

முழு வாட்டர் சர்வீஸ் வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஒன்று பங்குனி வெயில் ஏறுவதற்கு முன், இன்னொன்று தூசிக் காற்று ஓய்ந்த பிறகு. பிசிபி-யை பாலித்தீன் கவரால் மூடிவிட்டுத் தண்ணீர் அடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஜெட் பம்ப்பை முழு வேகத்தில் வைத்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

கரண்ட் பில் ஏன் எகிறுகிறது?

ஒரு சின்னக் கணக்கு. ஏசி மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 8 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள். மொத்தம் 480 யூனிட். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் இதற்கு மேல். நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறைந்து கணக்கு மாறிவிடும். அதனால்தான் ஏசி போட்ட முதல் பில்லைப் பார்த்ததும் பலருக்குத் திக்கென்றிருக்கிறது.

உங்கள் ஏசி உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிய, ஸ்டார் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் இருக்கும் ஆண்டு மின்நுகர்வு 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கான சராசரி வரும். 800 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டையும் கவனியுங்கள். தர அளவுகள் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து ஸ்டாரும் புதிய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல.

வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெறும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. 26-ல் வைத்து மெதுவாக ஃபேனையும் சுழல விட்டால் போதும்.

மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பெயின்ட்டோ அடித்தால் ஏசியின் சுமை குறையும். இன்னும் ஏசி வாங்காதவர்கள் ஒன்று யோசிக்கலாம். கடற்கரை ஊர்களைப் போலக் காற்றில் ஈரம் இல்லாத கரிசல் வட்டாரத்தில் ஏர் கூலரே நன்றாக வேலை செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது எதற்கு?

2018 அக்டோபரில் சென்னை கோயம்பேட்டில் இரவு ஏசி போட்டுத் தூங்கிய கணவன், மனைவி, 8 வயது மகன் மூவரும் காலையில் இறந்து கிடந்தனர். ஏசியில் இருந்து கசிந்த கேஸ் காரணமாக இருக்கலாம் என்று அப்போது போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. 2022 நவம்பரில் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் ஃப்ரிட்ஜ் வெடித்த விபத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் உயிரிழந்தனர்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ஏசியைப் பார்த்தாலே பயம் வருகிறது. நிதானமாகப் பார்த்தால், வீட்டு ஏசியில் இருக்கும் கேஸ் பொதுவாக ஒரு கிலோவை ஒட்டிய அளவுதான். அது மெதுவாகக் கசிந்தால், சாதாரண அறையில் மூச்சை நிறுத்தும் அளவுக்குச் சேர்வது அரிது. ஆனால் அதில் தீ பட்டால் நச்சுப் புகை உருவாகும். அந்தத் தீ பெரும்பாலும் தொடங்குவது வயரிங்கில்தான்.

ஒன்றரை டன் ஏசிக்கு 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த் வேண்டும். ஃபேனுக்கு இழுத்த பழைய வயரில் இருந்து கிளை எடுத்து ஏசிக்குக் கொடுப்பதுதான் உண்மையான ஆபத்து. பிளக் சுடுகிறதா, கருகிய வாடை வருகிறதா, எம்சிபி அடிக்கடி விழுகிறதா? அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழுகிறதே என்று பெரிய எம்சிபி மாற்றுவது தீர்வு அல்ல. ஏசி வாங்கிய பிறகு மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிப்பதையும் மறக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் யாரிடம் சொல்வது?

முதலில் மெக்கானிக்கிடமோ கடையிலோ கம்பெனியிலோ எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவைக்குக் கட்டணம் கிடையாது. பில்லும் துண்டுச் சீட்டும் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

மெக்கானிக் தரப்பு நியாயம்

ஒரு விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. சிலிண்டர், பம்ப், ஏணி எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் இருபது, முப்பது கிலோமீட்டர் வருகிறவர் அவர். சன்ஷேடில் ஒற்றைக் காலில் நின்று வெளி யூனிட்டைத் திறக்கிறார். வருமானம் பெரும்பாலும் நாலைந்து மாதம்தான். கசிவைத் தேட ஒரு மணி நேரம், வேக்கம் போட இன்னும் கொஞ்ச நேரம் என்று ஆகும்போது, அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இல்லையென்றால் அவர் குறுக்கு வழியைத்தான் தேடுவார். 'கேஸுக்குக் காசு தரேன், லீக் பார்க்க எதுக்குக் காசு?' என்று கேட்கும் வீட்டில்தான் வருடா வருடம் கேஸ் ஏறுகிறது.

இடுப்பில் கயிறு கட்டாமல் சன்ஷேடில் இறங்க விடாதீர்கள். வேலைக்கு முன் மெயினை நீங்களே அணைத்துக் கொடுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுருக்கமாக...

கேஸ் தானாகத் தீராது. கசிவைக் காட்டச் சொல்லுங்கள். தகட்டில் எழுதியிருக்கும் கேஸ்தான், எடை போட்டுத்தான். ஃபில்டரைக் கழுவாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். செய்த வேலையை எழுதி வாங்கி, வாரன்டி அட்டையோடு ஒரே கவரில் வையுங்கள். அடுத்த சித்திரைக்கு 'கேஸ் கம்மி' என்று யாராவது சொன்னால், போன வருடத்துச் சீட்டை எடுத்துக் காட்டிப் பேசலாம்.